கேக் ஓவனில் ஒரு கத்தி

என் கோபக்காரிக்கு, சலாம்.

ஆத்தூரில் உன் அம்மா வீட்டில் படுத்தபடியே இதைப் படி. போனில் சொன்னால் எழுந்து உட்கார்ந்து திட்டுவாய். டாக்டரோ உன்னை அசையவே கூடாது என்றிருக்கிறார். உன் கேக் ஓவனில் நான் ஒரு கத்தியை வைத்தேன்.

முதலில் பழைய அரத்தில்தான் செய்தேன். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கியதும் டக்கென்று விரிசல் விட்டது. லாரிப் பட்டறை இஷாக் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, அம்புட்டு அவசரமா? லாரிப் பட்டைல செய்யி. எண்ணெயில முக்கு."

லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில்பட்டையைத்தான் சொன்னார். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமாம். புதுப் பட்டையில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கொடுத்தார். காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, உன் நல்லெண்ணெயில் முக்கினேன். வெடிக்கவில்லை! ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும், மிதமான சூட்டில் வைத்து அதன் விறைப்பை இளக்க வேண்டும் என்றார். அதற்குத்தான் ஓவன். கத்தி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் அடுப்படியிலேயே ஆடினேன்.

"கத்திய வச்சுக்கிட்டு ஆடுறியே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் என் அம்மா. அவரும் சிரித்தார்.

போன தடவை வாங்கிய தொட்டில் பரணிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை.

பிள்ளை பிறந்த ஏழாம் நாள், பிள்ளை பேரில் அறுக்கும் அகீகா ஆட்டுக்கு இந்தக் கத்திதான். முறைக்காதே. பிறக்கும்வரை ஒன்றும் வாங்கக் கூடாது என்றுதானே சொன்னாய்? வாங்கவில்லையே. இரும்புகூட இஷாக் அண்ணன் சும்மா கொடுத்தது.

இப்படிக்கு,
நல்லெண்ணெயைத் தீர்த்த
உன் வீட்டுக்காரன்