போனில் சொன்ன பேர்

ஆடி மூன்றாம் வெள்ளி, 1998

போன் பேசியபோது கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், மகள் கீதா, கட்டிலில் அவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. "என்னங்க" என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் பார்வை ஜன்னலை விட்டு வருவதில்லை.

செக் புத்தகம் தீர்ந்துவிட்டது. கீதா வேலைக்குப் போன பிறகு நான் தாம்பரம் பேங்குக்குப் போனால் அவரை யார் பார்ப்பது? இப்போது போனிலேயே கேட்கலாம் என்று கீதா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். பேசுவது நான்தானா என்று தெரிய வேண்டுமாம். பேங்குப் பெண் கேட்ட பிறந்த தேதி, விலாசம் எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன்.

"ஜாயின்ட் அக்கவுண்ட்தானே மேடம்? உங்க ஹஸ்பண்ட் பேரு?"

கல்யாணமான நாள் முதல் அந்தப் பேரை என் வாய் சொன்னதில்லை.

"பழனியில இருக்காரே, அவரு பேருதாம்மா."

"அப்படியெல்லாம் எடுத்துக்க முடியாது மேடம். பேரைச் சொல்லணும்."

"எழுதிக் குடுத்துடட்டுமா?"

"போன்லயா மேடம்?"

கீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சொல்லும்மா. அப்பா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு."

"நீயே சொல்லேன்டி."

"நான் சொன்னா ஒத்துக்க மாட்டாங்கம்மா."

கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்டபாணி."

கட்டில் கிறீச்சிட்டது. அவர் தலையைத் திருப்பி என்னையே பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. அந்தப் பெண் அப்புறம் என்ன சொன்னாளோ, கீதாதான் போனை வாங்கிப் பேசி வைத்தாள்.

பேர் சொன்னது தப்பென்றால் முருகன் என்னைக் கேட்கட்டும். என்னங்க, நாளைக்கும் உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.