மூன்றாவதாக வந்த நந்தனா

புதுக்கடை,
ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

போன வாரம் கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டி நடந்தது. எங்கள் சின்னக் கல்லூரிக்கு மைதானம் கிடையாது. தென்னந்தோப்புப் பாதையில்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இம்முறையும் பதக்கம் இல்லையென்றால் அணியைக் கலைத்து, என்னையும் அனுப்பிவிடுவதாக முதல்வர் சொல்லியிருந்தார். பெண்கள் பத்தாயிரம் மீட்டருக்கு எப்போதுமே ஆள் குறைவு. இந்த வருடம் மூன்றே பேர். ஓடி முடித்தாலே வெண்கலம். காய்ச்சலோடு வந்த நந்தனாவை இறக்கிவிட்டேன்.

கடைசிச் சுற்றில் விழுந்துவிட்டாள். "டீச்சரே, ஒண்ணு பிடிங்க" என்று தூக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். யார் தொட்டாலும் அவளைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஓடிவந்த தோழிகளையும் இரு கைகளை நீட்டித் தடுத்தேன். தவழ்ந்தே கோட்டைத் தாண்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட நின்னதாலல்லோ டீச்சரே, எம் பிள்ளைக்கு மெடலு கிட்டிச்சு" என்றார். நந்தனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது தேறிவிட்டாள், கவலைப்பட வேண்டாம். என் வேலையும் தப்பியது. கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். ஒருத்திக்காகச் சமைக்க மனம் வருவதில்லை. அடுத்த மாதப் போட்டிக்கு நாளைக் காலைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன். பத்தாயிரம் மீட்டருக்கு அவள் பெயரையே எழுதிவிட்டேன்.

உங்கள் மகள்,
வளர்மதி