மேலே நாலு விரல் இடம்

அக்டோபர் 3, வெள்ளி

தூறல். மலை உச்சி தெரியவில்லை. திங்கள் ஸ்கூல் திறக்கிறது, சயின்ஸ் ரெக்கார்டு பாக்கி. இதை அதன் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். எல்லோரும் படுத்தாயிற்று.

நேற்று கிராம சபை. எங்கள் ஊரைத் திருவண்ணாமலை மாநகராட்சியோடு சேர்க்கலாமா, வேண்டாமா? கை தூக்கச் சொன்னார்கள். ஒரே கூச்சல். யாரும் எண்ணவில்லை. சாயந்திரம் ‘சேரலாம்’ என்று தீர்மானமாம். அப்பா ‘சேரலாம்’ பக்கம். அவர் ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள், அதுவும் என்கூடப் படிக்கும் தேவி வீட்டு வாசலில். தேவியின் அம்மா செல்வி அத்தைதான் வேண்டாம் என்பவர்களுக்குத் தலைவி. சேர்ந்தால் நூறு நாள் வேலை போய்விடும் என்பார்.

“இன்னா செல்வி, இனிமே ஏரிக்கு மம்பட்டி எடுத்துனு வராத. டவுனு பொம்பள ஆயிட்ட!” கத்தியது அவர்களில் ஒருவர்.

அப்பா ஜிலேபி வாங்கி வந்தார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 4, சனி

அப்பா போனில் ஒரு தாளின் படம். மேலே ‘இணைப்பை ஆதரிப்போர்’. கீழே நான் எழுதிய பெயர்கள்! கிராம சபை வாசலில் உட்கார்ந்து எழுதியது. “வந்தவங்க பேரெழுதி கையெழுத்து வாங்கு. மேல நாலு விரல் எடம் உடு” என்றார் அப்பா. விட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. முதல் கையெழுத்தே செல்வி அத்தை. என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போட்டார்.

தலைப்பு எழுதியது அப்பாவா, வேறு யாரோவா? கேட்க பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அக்டோபர் 5, ஞாயிறு

அந்தப் படம் ஊரில் எல்லார் போனுக்கும் போய்விட்டது. குழாயடியில் அத்தையை அவர் ஆட்களே சூழ்ந்துகொண்டார்கள்.

“மைக்குல ஒரு பேச்சு, பேப்பர்ல ஒரு கையெழுத்தா? நீ போட்டியேன்னுதான நாங்களும் போட்டோம்!”

“வந்ததுக்குன்னு போட்டேன்கா. மேல காலியா இருந்துச்சி.”

“எழுதுனவ இங்கதான நிக்கறா, கேளு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “தெரியல” என்றேன். தேவி குடத்தோடு நின்றிருந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

பஸ்ஸில் தேவி பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டாள். “மாநகராட்சிக்காரங்கல்லாம் முன்னாடி போய் உக்காருங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஏனோ.

மதியம் அவளே வந்தாள். தலைப்பு பிறகு எழுதியது என்று அத்தை மனு கொடுத்திருக்கிறார். நாளை பத்து மணிக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் விசாரணை.

“உன்ன கூப்புடக் கூடாதுன்னுச்சி அம்மா. சின்னப் புள்ள, அப்பன் அடிப்பான்னு.”

நானே வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களோ? அத்தை ஜெயித்தால் அப்பா தோற்றவரா? நான் எந்தப் பக்கம்?

வெளி அறையில் அப்பா போனில் சிரிக்கிறார். “விசாரணையா? வரட்டும்பா. எழுதுனது என் பொண்ணு. அவ எனக்கு எதிரா வாயத் தொறப்பாளா?”