ஐந்து சீட்டு வண்டி

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
புரட்டாசி 9, வியாழன்.

அன்பு மகன் தாணுமாலையனுக்கு அம்மா எழுதுவது.

ஆவணி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து நம் முன்னறையில் இருந்தவர்கள்: நீ, உன் பெண்டாட்டி கௌசல்யா, பிள்ளைகள் பிரஜினும் ஷிஜாவும், கௌசல்யாவின் அம்மா பொன்னம்மை, சாம்பியாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்த உன் கூட்டுக்காரன் லிஜோ, அப்புறம் நான். பொன்னம்மை பிரம்பு நாற்காலியில் இருந்தாள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

இதைப் போனில் சொல்லலாம் என்றால் யாராவது பக்கத்தில் நிற்கிறார்கள். அதனால்தான் எழுத்து. ஷிஜா இதைப் படம் பிடித்து அனுப்புவாள். அவளுக்கு மலையாளமும் இங்கிலீஷும்தான் வாசிக்க வரும், கௌசல்யாவுக்கும் அப்படித்தான். இந்த வீட்டில் தமிழ் எழுத்து அறிந்தது நீயும் நானும்தான். கோட்டாற்றில் மூன்றாம் கிளாஸ் வரை படித்ததை வைத்து எழுதுகிறேன், பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். ஷிஜாவுக்கு இருமல் இருந்தது, சுக்கு வெந்நீர் கொடுத்தேன், நின்றது. நீ சாம்பியாவுக்கு முன்னால் போய்விட்டாய், மற்ற நாலு பேருக்கும் அடுத்த மாசம் இருபத்தெட்டுக்கு டிக்கெட் வந்துவிட்டது. கௌசல்யா தினமும் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கிறாள். எனக்குத் துணைக்குக் காலையும் மாலையும் வந்து போக மேலத்தெரு பத்மஜாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நல்ல பெண்தான். மீன் மட்டும் கழுவத் தெரியாது.

நேற்று பிரஜின், நீ அங்கே ஓட்டுவதற்கு வாங்கிய வண்டியின் படம் காட்டினான். ஜப்பானில் கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். வெள்ளை நிறம், நாலு சக்கரமும் இழுக்குமாம், அடியில் ஒரு முழம் இடைவெளி. பின்னால் சாமான் வைக்கத் தனித் தொட்டி. நல்ல வண்டி. குறை சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு முதலில் பார்த்தது அது இல்லையே. மணல் நிறத்தில் நீளமாக ஒன்று இருந்தது. ஏழு சீட்டு. பின்கதவு ஓரத்தில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி, கீழே ஒரு படி. கடைசியில் இரண்டு மடக்குச் சீட்டு. முந்தின வியாழக்கிழமையே பிரஜின் அதை எனக்குக் காட்டியிருந்தான். என் கால் குட்டைதானே, அந்த மடக்குச் சீட்டு போதும் என்று மனசுக்குள் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். போன வருஷம் எல்லாருக்கும் பாஸ்போர்ட் எடுத்தபோது எனக்கும் எடுத்தாய். பத்து விரலும் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் நான் வருகிறேன் என்றே நினைத்திருந்தேன்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். சனிக்கிழமை நம் தெருவில் பருப்பு மூட்டை இறக்க லாரி நின்றது. டிரைவர் தங்கப்பனிடம் கேட்டுக்கொண்டு அதன் படியில் ஏறிப் பார்த்தேன். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை ஏறிவிட்டேன். அம்மை எங்கோட்டுப் போறிய என்று சிரித்தான். ஆப்பிரிக்காவுக்கு என்றேன்.

மறுநாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. லிஜோ சொன்னான், சேட்டா, அவிட மழை பெஞ்சா ரோடே கிடையாது, வெறும் சுவந்த மண்ணு, ரெண்டு ஸ்டெப்னி வேணும், தண்ணிக் கேன் வேணும், டீசல் வேணும், ஏழு சீட்டும் போட்டா இதெல்லாம் எங்க வைப்பீங்க என்று. சரியான பேச்சுதான். அவன் காலேஜில் படிக்கும்போது நம் வீட்டில் தின்ற முறுக்குக்கு இன்று வரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, அது வேறு.

நீ முதலில் பொன்னம்மையிடம் கேட்டாய். நீ வாயை மூடும் முன்னே அவள், நான் வராம பின்னே பிள்ளேளுக்கு ஆரு கஞ்சி வைப்பா, வாறேன் மக்களே என்றுவிட்டாள். உன் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் காணாது என்று உரக்கச் சொன்ன அதே வாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அம்மா, நீயும் வாறியா, வாறதுன்னா ஏழு சீட்டுப் பாக்கணும் என்று கேட்டாய்.

நான் சொன்னது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. எனக்கெதுக்கு மக்கா இந்த வயசுல, சாமானுக்கு எடம் வேண்டாமா என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். நீ இன்னொரு தடவை கேட்பாய் என்று நின்றேன். அப்போ அஞ்சு மதி, அது போதும் என்றான் லிஜோ. பிரஜின் போனில் எதையோ அமுக்கினான், ஐந்து சீட்டு வண்டி பதிவாகிவிட்டது. நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாய்.

நான் எதையாவது முதல் கேட்பில் வாங்கிப் பார்த்திருக்கிறாயா, மக்கா? உன் அப்பா ஒரு சேலை எடுக்க மூன்று தடவை கேட்பார்கள். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எனக்கு வேண்டாம் என்றாலும் உன் தோசையில் பாதியைப் பிய்த்து என் தட்டில் போடுவாய். உனக்கு இது தெரியும். அன்றைக்கு வேலை மும்முரத்தில் மறந்துவிட்டாய்.

நான் பிறக்கும்போதே இப்படி இல்லை. பதினேழு வயசில் இந்த வீட்டுக்கு வந்த அன்று முதல் பந்தி. என் மாமியார், உன் ஆச்சி உலகம்மை சோற்றுச் சட்டியோடு வந்து, இன்னும் கொஞ்சம் போடட்டா என்றாள். பசி. போடுங்க அத்தை என்றேன். இருபத்திரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சத்தில அடிபட்டு வந்திருக்கா பாருங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் என் வாயில் முதலில் வேண்டாம்தான் வரும். நான் நினைத்து வருவதில்லை, தும்மல் மாதிரி வரும்.

நான் வரவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. கப்பலில் ஏற்றிய வண்டியில் இனி சீட்டு முளைக்காது, அது எனக்கும் தெரியும். இவ்வளவு செலவுக்குப் பிறகு வண்டியை மாற்று என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. படித்துவிட்டுப் போன் பண்ணி வருத்தப்படாதே. நீ வருத்தப்பட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை மக்கா என்றுதான் சொல்வேன்.

வண்டி கைக்கு வந்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடு. அங்கே கிடைக்காது என்றால் கௌசல்யா பெட்டியில் நாலு வைத்து விடுகிறேன், எடை கூடுகிறது என்று அவள் எடுத்துப்போடாமல் இருக்கவேண்டும். மழையில் ஆறு தாண்டாதே. பொன்னம்மைக்கு வண்டியில் தலை சுற்றும், ஜன்னல் ஓரம் கொடு.

ஒன்றே ஒன்று. ஷிஜா என்னைப் போல. அவள் எதையாவது வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே. இன்னும் இரண்டு தடவை கேள்.

நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் ஒரு கீறலும் இல்லாமல் ஏறி இறங்கவேண்டும். அதுவே நான் தினமும் விளக்கேற்றிக் கேட்பது.

உன் அம்மா
கோமதியம்மாள்

எழுதி முடித்த பிறகு ஒன்று தோன்றியது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. லிஜோ மேல் இல்லை, பொன்னம்மை மேல்கூட இல்லை, உன்மேல் எப்படி வரும்? இல்லாத ஒருத்தியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது, வருஷம் தவறாமல் திதிக்கு நான்தான் சமைக்கிறேன். ஆனாலும் மன்னிக்க மாட்டேன், உலகம்மையை.