சத்தார் பாயின் இடது கால்

திருத்தணி
விய வருஷம், ஆடிக் கடைசி (1946)

செல்ல மகள் சுலோச்சனாவுக்கு அம்மா தேவகி ஆசி கூறி எழுதுவது. இங்கு நான் நலம், உன் நைனா நலம், அவருடைய இருமல் அவரைவிட நலம். மாதுங்காவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க மலைமேல் இருப்பவனை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். ஊர் சேர்த்துக்கொள்ளாத தம்பியை ரயிலேற்றி அனுப்பிவிடு, பம்பாயில் அவனை யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளும், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது படி.

உன் தம்பி துரைக்கண்ணு ஜெயிலிலிருந்து வந்த அன்று மேளம் வைத்து மாலை போட்டார்கள், மாலை நம் பூக்கடையில் வாங்கியதுதான். போட்டவர் அரிசி மில் துளசிங்கம். நாற்பத்திரண்டில் உன் தம்பியும் கூட்டாளிகளும் மணவூர் பக்கம் தண்டவாளத்து நட்டுகளைக் கழற்றி கூட்ஸ் வண்டியைக் கவிழ்த்தபோது, ஊரைத் தண்டிக்க வந்து இறங்கிய போலீசுக்குத் தலைவாழை இலை போட்டவரும் இவரேதான். இப்போது கதர் கட்டிக்கொண்டு "நம்ம ஊரு சிங்கம்" என்று முழங்கினார். மறுநாள் அந்தச் சிங்கம் மில்லில் வேலை கேட்டுப் போனது. "மிஷினு இருக்கிற எடம் நைனா, நீ கிட்ட வராத" என்று வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டார். தெருப் பெண்கள் அவருக்கும் மேலே. அன்று வந்த போலீஸ்காரர்கள் தின்று தீர்த்த கோழிகளுக்கெல்லாம் இவன்தான் பொறுப்பாம். இவன் தலை தெரிந்தாலே குப்பம்மாள் கோழிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, அவன் பாதிச் சோற்றோடு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பிக்கும்வரை. ஒரு நாள், "நான் அக்காகிட்டயே போயிடறேம்மா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கையைப் பிடித்து சத்தார் பாய் கடைக்கு இழுத்துப்போனேன். பாயை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு அரக்கோணத்திலிருந்து வந்தவர். அன்று கவிழ்ந்த கூட்ஸ் இஞ்சினில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர். இடது கால் நசுங்கி, வேலையும் போய், சைக்கிளும் கியாஸ் லைட்டும் வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார். வெள்ளைக்காரன் வண்டி என்று கவிழ்த்தார்கள், நசுங்கியது நம்மவன் கால். இதை எந்த மேடையிலும் எவனும் பேசவில்லை. கழற்றியவன் இவன்தான், அடிப்பதானால் அடியுங்கள், வேலை கொடுப்பதானால் கொடுங்கள் என்றேன். உன் தம்பி தரையைப் பார்த்து, "கூட்ஸுல ஆளு இருப்பாங்கன்னு நெனைக்கலீங்க" என்றான். "பின்ன, கூட்ஸு தானா ஓடுமாடா?" என்றார் பாய். அப்புறம் ஒரு ஸ்பானரை எடுத்து அவன் முன்னால் போட்டு, "நீ கழட்டுவன்னு ஜில்லாவுக்கே தெரியும், மாட்டத் தெரியுமான்னு பாக்கலாம்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவன் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை வெளியே விடுவார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஸ்பெஷல் ரயில்கள் வருகிற சமயம், இவன் வெளியே இருப்பது ஆபத்து என்று துளசிங்கம் காதைக் கடிக்க, முதல் நாள் பரணியன்று காலையிலேயே போலீஸ் இவனைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டது. சேதி கேட்ட பாய் கடையைப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து போலீஸ் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். துளசிங்கத்தின் காவடிக் கூட்டத்துக்கு மலையேற வேண்டிய கியாஸ் லைட் எல்லாம் பூட்டிய கடைக்குள். பொழுது சாய்ந்ததும் மஞ்சள் வேட்டியும் தோளில் பூக்காவடியுமாகத் துளசிங்கம் மூச்சிரைக்க வந்தார். லைட்டு எங்கே பாய் என்றார். "என் காலு மலையேறாதுன்னு உங்களுக்கே தெரியும். எனக்காக ஏறுற காலு உள்ள குந்திக்கினு இருக்குது. வுடச் சொல்லுங்க, இல்லன்னா இருட்டுலயே ஏறுங்க" என்றார் பாய். தோளில் எடுத்த காவடியை மலைக்குப் போகாமல் இறக்கக்கூடாது, அந்தப் பெரிய காவடியோ ஸ்டேஷன் வாசலுக்குள் நுழையாது. ரகசியமாகப் பேச வழியில்லாமல், தெருவெல்லாம் கேட்க, "ஐயா, தொரைக்கண்ணு நம்ம பையன்! நான் ஜாமீன்!" என்று கத்தினாரே பார்க்கணும். கூட்டத்திலிருந்து குப்பம்மாள், "வுட்டுடுங்கய்யா, கோழி போனா போவுது!" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் முந்தானை நனைந்துவிட்டது. சிரித்துத்தான் நனைந்தது என்று வைத்துக்கொள்.

தலையில் விளக்கோடு உன் தம்பி முன்னே ஏறினான், அந்த வெளிச்சத்தில் துளசிங்கம் பின்னே ஏறினார். கிருத்திகை முடிந்து கடை திறந்த அன்று, அவன் முடுக்கிய சைக்கிளைப் பாய் தொட்டுப் பார்க்காமலே வாடகைக்கு விட்டார். எனக்கு அது போதும்.

ஆகையால் அவன் அங்கே வரமாட்டான், அவனுக்காக நீ ஒழித்து வைத்த மூலையில் அரிசி மூட்டையை வை. குழந்தையை மழையில் விடாதே. மாப்பிள்ளையிடம் எடுத்தெறிந்து பேசாதே, பேசினால் நியாயத்தோடு பேசு. உங்கள் மூவருக்கும் முருகன் குறை வைக்கமாட்டான். மறக்காமல் ஒன்று: மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் இருக்கிறாரே என்று தம்பிக்கு ஸ்பானர் எதுவும் வாங்கி அனுப்பாதே. ஊர் இன்னும் அவ்வளவு தூரம் தேறவில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
தேவகி