பெருமடையார் பெயரால் ஆள் சேர்த்த வாரியத்துக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஏழாறும் கரை மீறாது ஓடுக. மதகுதோறும் விளக்கேற்றுவித்தவரும், வறண்ட மேட்டில் வாய்க்கால் கண்டவரும், ஏழாற்று நாட்டை இருபத்திரண்டாம் ஆண்டாக ஆண்டருள்பவருமாகிய பெருந்தேவி நங்கைமாதேவியாரின் திருவாய்மொழியைத் தலைமேற்கொண்டு, கருங்கோட்டை அரண்மனையில் ஓலைநாயகமாக இருக்கும் கண்டன் இளநாகன் எழுதியது.

மருதவனப் பெருங்கழகத்தின் சேர்க்கை வாரியத் தலைவரும், ‘புகழ்விளக்குப் பேரரையன்’ என்னும் பட்டத்தைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டவருமாகிய விடங்கன் காரி காண்க. அவரோடு வாரியத்தில் அமர்ந்திருக்கும் பதினாறு பேரும் காண்க. உங்கள் கழகத்துக்கும், அதன் ஆசிரியர்க்கும், அங்கே மெய்யாகவே படிக்கும் மாணாக்கர்க்கும் தேவியாரின் நல்வாழ்த்து உரியதாகுக. வாரியத்துக்கு வாழ்த்துச் சொல்லும்படி எனக்குக் கட்டளை இல்லை; ஆகையால் சொல்லவில்லை.

விடங்கரே, சென்ற திங்களில் நீர் அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. கழகத்தில் சேர விரும்பி எழுதுவோர்க்கு மறுமொழி எழுதும் எயினி என்பவள், வரவிருந்த மாணாக்கர் பதினொருவரை வரவேண்டாம் என்று எழுதித் தடுத்தாள் என்றும், அவர்களுள் சிலரை எல்லைக்கு அப்பாலுள்ள வடகரை நாட்டுக் கழகத்துக்குப் போகச் சொன்னாள் என்றும், இது நாட்டுத் துரோகம் என்றும், ஆகவே அவள் இனி எழுத்தாணியே தொடாதபடி தடைவிதித்து எல்லைக்கு வெளியே துரத்தவேண்டும் என்றும் கேட்டிருந்தீர். எழுத்து ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தியின் வாழ்வைக் கேட்டிருந்தீர். கேட்டது பெரிது என்பதால் தேவியார் வழக்கை ஊர் நடுவரிடம் விடாமல் என்னையே மருதவனத்துக்கு அனுப்பினார்.

ஒன்பது நாள் உம் வாரியத்தில் இருந்தேன். என் வாழ்நாளில் இரண்டு போர்களையும் ஒரு பஞ்சத்தையும் கண்டிருக்கிறேன். அவற்றில் எதிலும், இத்தனை பேர் இத்தனை பரபரப்பாக ஒன்றும் செய்யாதிருக்கக் கண்டதில்லை. முதல் இரண்டு நாளும், கழகத்தைச் ‘சிறந்த’ என்பதா ‘தலைசிறந்த’ என்பதா என்று பதினேழு பேரும் வழக்காடினீர்கள். மூன்றாம் நாள் ‘தலைசிறந்த’ வென்றது. நான்காம் நாள், அது செருக்காகத் தோன்றும் என்று ஒருவர் ஐயுற, மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்கள். இடையில் கொடியின் நிறம் பற்றி ஒரு கூட்டமும், அந்தக் கூட்டத்தை எப்போது கூட்டுவது என்று அதற்கு முன்னொரு கூட்டமும் நடந்தன.

ஊர்ச் சந்தைகளில் தொங்கவிட நீர் தீட்டுவித்த படச்சீலைகளையும் கண்டேன். எல்லாவற்றிலும் ஒரே மரம், மரத்தடியில் ஒரே நங்கை, அவள் கையில் ஓலை, முகத்தில் சிரிப்பு. நீர்நூல் சீலையிலும் அவள், மருத்துவச் சீலையிலும் அவள், இலக்கணம் படிப்பதற்கும் அவளே சிரிக்கிறாள். எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று கேட்டேன். அவள் மாணாக்கி அல்லள், ஓவியனின் கொழுந்தி என்றார்கள். ஓலையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாளே என்றேன். அதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று உம் துணைவர் ஒருவர் எனக்கு ஆறுதல் கூறினார்.

முரசறைவோர் ஊர்தோறும் ‘முதன்மைக் கழகம்’ என்று கூவுகிறார்களே, எதில் முதன்மை என்று வினவினேன். பாலாற்றுக்குக் கிழக்கே, மருதவனக் குன்றுக்குத் தெற்கே உள்ள கழகங்களுள் முதன்மை என்று விடை வந்தது. அந்த எல்லைக்குள் வேறு கழகம் உண்டோ என்றேன். இல்லை என்று சிறிதும் வெட்கமின்றிச் சொன்னார்கள். கழகம் காண வருவோர்க்கு நீர் நடத்தும் ‘திறந்த வாயில் நாள்’ அன்றைக்கு, வற்றிய தாமரைக் குளத்தில் குடம் குடமாக நீர் ஊற்றியதையும், கூத்தர் குழு ஒன்றை அழைத்து மாணாக்கர் வேடம் கட்டி நூலகத்தில் அமர்த்தியதையும் கண்ணாரக் கண்டேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டும் என்பார்கள். பதினேழு வயதில் ஊரை விட்டு முதன்முறை கிளம்பும் பிள்ளைக்கு அந்த மதி எங்கிருந்து வரும்? அதை நம்பித்தானே நீர் நெய் வடிக்கிறீர்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. இனி வருவது அத்தகையதன்று.

உம் வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாணாக்கர் ஒருவர் கழக வாயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் செந்நூற் கயிற்றில் ஒரு முடிச்சு இடுவீர்கள். உள்ளே வந்தவர் படித்தாரா, படிப்பிக்க ஆள் இருந்ததா, மறு வாரமே அழுதுகொண்டு ஊர் திரும்பினாரா என்பதற்கு முடிச்சும் இல்லை, கயிறும் இல்லை. ஆண்டுதோறும் அந்தக் கயிறு அரண்மனைக்கு வரும். சென்ற மூன்றாண்டுகளாகக் கயிறு நீண்டுகொண்டே வந்தது. அது நீண்டதற்குக் காரணம் ஒரே பெயர்: பெருமடையார்.

நீர்நூலில் அவருக்கு நிகர் இந்நாட்டில் இருந்ததில்லை. நம் ஏழாறுகளின் மதகுகளில் பாதி அவர் கண்பார்வையில் எழுந்தவை. அவரிடம் கற்கவேண்டும் என்றே தீவுகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர் இறந்து மூன்று மழை பெய்தாயிற்று. அவருக்குப் பின் நீர்நூல் மண்டபத்தில் ஆசிரியர் யாரும் அமரவில்லை. ஆயினும் உம் சீலைகளில் அவர் இன்றும் பாடம் சொல்கிறார்.

கீழைக்காவில் என்னும் ஊரின் ஏரிக்கரை இரண்டாண்டில் இருமுறை உடைந்தது. ஊர் கூடி, தங்களுள் கூரிய மதியுள்ள பொன்னிலன் என்பவனைத் தேர்ந்து, அவன் நிலத்தைத் தாங்களே உழுவதாக ஏற்றுக்கொண்டு, பெருமடையாரிடம் அனுப்ப விரும்பி உமக்கு எழுதினார்கள். உம்மிடம் எல்லா ஓலைக்கும் பொருந்தும் மறுமொழி ஒன்று முன்பே எழுதி அடுக்கப்பட்டிருக்கிறது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். எயினி அதை அனுப்பவில்லை. பெருமடையார் இறந்துவிட்டார், அவரிடம் பன்னிரண்டு ஆண்டு பயின்ற மாணாக்கர் வடகரையில் கற்பிக்கிறார், அங்கே போங்கள், அடுத்த மழை உங்களுக்காகக் காத்திராது என்று தன் கையால் எழுதினாள். இவ்வாறு எழுதிய ஓலைகள் பதினொன்று. நீர் துரோகம் என்று பெயரிட்டது இதற்குத்தான்.

விசாரணை மண்டபத்தில் நீர் ஒரு நாழிகை பேசினீர். மாணாக்கரை வாயில்வரை கொண்டுவருவதே வாரியத்தின் கடன், வாயிலுக்கு உள்ளே நடப்பது பிறர் பொறுப்பு என்றீர். வாரியம் இறந்தவரைக் காட்டி எவரையும் அழைத்ததில்லை, சீலைகளில் இருப்பது அவர் நினைவைப் போற்றும் படம் மட்டுமே, எயினி சொல்வது அவதூறு என்றும் ஆணையிட்டீர். பின்பு எயினியைப் பேசச் சொன்னேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்கிறேன்.

“அவர் செத்துப்போயிட்டார்னு எழுதினேன் ஐயா. அவர் செத்துப்போயிட்டதாலே எழுதினேன்.”

உம் பக்கம் பதினாறு சாட்சிகள். அவள் பக்கம் ஒருவருமில்லை. சட்டப்படி பார்த்தால் அவள் தோற்றிருக்க வேண்டும். அன்று மாலை நான் மனம் கசந்து, உம் விண்ணப்பத்தை மறுபடி ஒருமுறை கடைசி வரிவரை படித்தேன். அரண்மனையில் அதுவரை எவரும் கடைசி வரிவரை படிக்கவில்லை என்பதை நாணத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

எயினியை வேலையிலிருந்து விலக்கிய பின் உம் வாரியத்தில் ஓலையைப் படித்துப் பார்த்து அனுப்ப ஆளில்லை. தேவியாருக்கு எழுதிய விண்ணப்பத்தையும் உம் எழுத்தர், பழகிய கையோடு, பெயருக்கு இடம் விட்ட அதே மறுமொழியால் முடித்திருக்கிறார். தேசத் துரோகத்தைப் பற்றி மூன்று ஓலை எழுதிவிட்டு, நான்காவதில் இவ்வாறு காணப்படுகிறது: ‘அன்பார்ந்த நங்கைமாதேவி, உன் கனவு மருதவனத்தில் மலரக் காத்திருக்கிறது. அடுத்த முழுநிலவுக்குள் வந்து சேர்க. நீர்நூற் பேராசான் பெருமடையார் தம் திருக்கரத்தால் உனக்குப் பாடம் தொடங்குவார்.’

நுணலும் தன் வாயால் கெடும். அழைத்ததே இல்லை என்று விசாரணை மண்டபத்தில் ஆணையிட்டவர், நான்காம் ஓலையில் நாட்டை ஆளும் தேவியையே அழைத்திருக்கிறீர். பகைவர் ஓலை, புலவர் ஓலை, பித்தர் ஓலை எல்லாம் என் கை வழியே சென்றவை. மூடத்தனத்தில் இதற்கு இணை கண்டதில்லை.

வழக்கு அங்கேயே முடிந்தது. ஆயினும் எயினியார் எதற்காக இதைத் தொடங்கினார் என்று அறியாமல் திரும்ப எனக்கு மனமில்லை. அவரை இனி இந்த மதிப்போடே எழுதுவேன். கேட்டதற்கு, பெருமடையார் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன். அவர் மனைவியார் சேந்தியம்மை கதவைத் திறந்தார். நான் அமர்ந்து பேசத் தொடங்குமுன், தோளில் மூட்டையோடு ஒருவன் வாசலில் வந்து நின்று, ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டான். தீவிலிருந்து கப்பலேறி நாற்பது நாளில் வந்தவன். சேந்தியம்மை இறந்துவிட்டார் என்றார். அவன் மூட்டையை அவிழ்த்து, சந்தையில் உம் ஆட்கள் கொடுத்த சிறு சீலையை விரித்து, இதோ இருக்கிறாரே என்று காட்டினான். அந்த அம்மையார் தம் கணவரின் படத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு குவளை மோர் கொண்டுவந்தார். அவன் போன பிறகு என்னிடம் சொன்னது இது.

“இவனோட முப்பத்தெட்டுப் பேராச்சு ஐயா. முன்னெல்லாம் சொல்லும்போது நான் அழுவேன். இப்போ வர்றவங்க அழறாங்க, நான் மோர் ஊத்திக் குடுக்கிறேன்.”

இருமுறை அவர் உம் வாரியத்துக்கு நடந்து வந்து, தம் கணவர் பெயரை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறார். அந்தப் பெயருக்கு ஊர்களில் நல்ல வரவேற்பு இருக்கிறது, புதுச் சீலை தீட்டும்போது பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னவர் நீர். அவர் கையில் உம் முத்திரை பொறித்த பனைவிசிறி ஒன்றும் கொடுத்து அனுப்பினீராம். அடுத்த இருக்கையில் அமர்ந்து இதைக் கேட்டவர் எயினியார். உண்மை மறுமொழிகள் பதினொன்றும் அதற்கு மறுநாள் தொடங்கியவை.

இவற்றையெல்லாம் தேவியாரிடம் உரைத்தேன். அவர், ஆண்டுதோறும் கயிறு வந்தபோது அதன் நீளத்தைக் கண்டு மகிழ்ந்து பட்டாடை அனுப்பியது தாம்தானே என்றும், ஒருமுறையாவது அந்த முடிச்சுகளில் ஒருவரை அழைத்து என்ன படித்தாய் என்று கேட்கவில்லையே என்றும் தம்மையே கடிந்துகொண்டார். அதை மறைக்காமல் உமக்கு எழுதும்படியும் பணித்தார். உம் குற்றம் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை என்பது என் கூற்று.

ஆகவே ஆணை. எயினியார் மீது சாற்றிய குற்றம் பொய். அவர் தம் இருக்கையிலேயே மீண்டும் அமர்க. அவர் கைச்சாத்து இல்லாமல் வாரியத்திலிருந்து ஓர் ஓலையும் ஒரு சீலையும் வெளியேறலாகாது. வாரியத் தலைமையையும் அவருக்கு அளிக்கத் தேவியார் எண்ணினார். மறுமொழி காணாத ஓலைகள் இருநூறு கிடக்கின்றன, கூட்டம் கூட்ட நேரமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். வடகரையில் இருக்கும் ஆசிரியரை நீர்நூல் மண்டபத்துக்கு அழைத்து என் கையால் எழுதிவிட்டேன். அவர் வரும்வரை அந்த மண்டபத்துக்கு ஒருவரையும் சேர்க்கலாகாது. செந்நூற் கயிறு எரிக்கப்படுக. பெருமடையார் படம் உள்ள சீலைகள் அனைத்தும் இறக்கப்படுக. ஆனால் அவை தொங்கும் ஊர்கள் பல, தொலைவும் பெரிது. கடைசிச் சீலை இறங்கி, அதை நம்பிக் கிளம்பிய கடைசிப் பிள்ளை வந்து சேர ஓராண்டேனும் ஆகும் என்று எயினியார் கணித்துச் சொல்கிறார்.

அந்த ஓராண்டும், விடங்கரே, நாள்தோறும் கதிர் எழுவது முதல் மறைவது வரை நீர் சேந்தியம்மையின் வாசலில் நிற்கவேண்டும். பட்டமும் பல்லக்கும் வேண்டா. வருபவர் கேட்குமுன் எதிர்சென்று, ஆசிரியர் இறந்து மூன்று மழை ஆயிற்று, அது தெரிந்தும் உன்னை வரச்சொன்னவன் நான் என்று உம் வாயால் சொல்லவேண்டும். அவர்கள் அழுதால் அழுது முடியும்வரை நிற்கவேண்டும். அம்மையார் மோர் கொடுத்தால் வந்தவர்க்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். உமக்கு உரியதென்று எண்ணவேண்டா. அவர் இனி அந்தக் கதவைத் திறக்கத் தேவையில்லை.

இவ்வாணைக்குச் சாட்சி ஏழாறும். தேவியாரின் மதகு முத்திரை இட்டு, பங்குனித் திங்கள் எட்டாம் நாள் கருங்கோட்டையிலிருந்து விடுத்தது. ஓலை கண்ட நாளிலேயே வாசலுக்குப் போய்ச் சேர்க. மலைநாட்டிலிருந்து மூவர் வந்துகொண்டிருக்கிறார்கள். எயினியாரின் மறுமொழி போய்ச் சேருமுன் கிளம்பிவிட்டார்களாம். அவர்களுள் ஒருத்திக்குப் பதினாறு வயது.