மதனின் ராக்கெட் பாதியில் நிற்கிறது

மண்டி மொஹல்லா, மைசூரு

அன்புள்ள மல்லம்மா அக்காவுக்கு, தம்பி அருண்ராஜ் எழுதுவது.

நவம்பர் 9, ஞாயிறு, காலை பத்தரை மணி. மொட்டைமாடியில் குழந்தைகள் நான்கு பேர், பலூன் பன்னிரண்டு. அன்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் கத்துவேன், இங்கே என்னோடு இருக்கும் உன் மகன் மதன் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பான்.

ராக்கெட் எப்படிப் போகிறது என்று காட்டினேன். நூலை இழுத்துக் கட்டி, அதில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை அதில் ஒட்டி, விரலை எடுத்தால் காற்று பின்னால் பீய்ச்சும், பலூன் முன்னால் ஓடும். ஆளுக்கு ஐந்து மூச்சு. மற்ற மூவருடையதும் சுவரில் முட்டியது. மதனுடையது ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. எதிர்வீட்டு ஸ்நேஹா, “உன் ராக்கெட்டுக்குப் பெட்ரோல் போடலையா?” என்று சிரித்தாள்.

நூலை மாற்றினேன், ஸ்ட்ராவை மாற்றினேன். ஒழுங்கா ஊதுடா, சோறு திங்கலையா என்று திட்டினேன். “ஆகல்ல மாமா”, முடியவில்லை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. அதே பலூனை ஸ்நேஹாவை ஊதச் சொன்னேன். சுவரில் முட்டியது. கோளாறு பலூனில் இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். ஒரு குழாயில் ஊத வைத்தார். பத்து வயதுக்கு இருக்கவேண்டிய மூச்சு இவனிடம் இல்லையாம். வீட்டருகே தூசி உண்டா என்று கேட்டார். ஹனூரில் உன் வீட்டருகே கல் உடைக்கும் கிரஷர் இருக்கிறது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்ஹேலர் தந்திருக்கிறார். சரியாகிவிடுமா என்று மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று தடவையும் ஸ்கேன் பார்க்கலாம் என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன், எது கெட்டாலும் கழற்றிப் பார்ப்பேன். இதைக் கழற்ற முடியவில்லை.

மச்சானுக்கு அந்தக் கிரஷரில்தான் வேலை, அதில்தான் உன் அடுப்பு எரிகிறது. விட்டுவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுட்டு என்னடா பண்ணட்டும் என்றுதான் அவர் கேட்பார். ஆனால் உன் சின்னவள் வினிதாவுக்கு நாலு வயசு. அவளும் அதே வாசலில்தான் விளையாடுகிறாள். போன வாரம் போனில் பின்னால் இருமியது யார்? டிவி சத்தம் என்றாய்.

இனி செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை மதனுக்கு ஸ்கேன்.

2. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஹனூர் வருகிறேன். மச்சானிடம் நானே பேசுகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

3. வினிதாவை இங்கே கூட்டி வருவேன். அவள் துணிமணியை எடுத்து வை. உன்னுடையதையும் எடுத்து வை. நீயும் அந்த டாக்டரின் குழாயில் ஒருமுறை ஊதவேண்டும், அக்கா.